குழந்தைப் பருவக் கடும் வலிப்பு நோயும் வலிப்பின் வகைக்கேற்ற மருத்துவமும்

குழந்தைப் பருவக் கடும் வலிப்பு நோய் என்பது கைக்குழந்தைப் பருவத்திலோ பள்ளி செல்லும் வயதிற்குள்ளோ தொடங்கி, அடிக்கடி வலிப்புகளை உண்டாக்கி, எளிதில் மருந்துக்குக் கட்டுப்படாமல், குழந்தையின் அறிவு, பேச்சு, நடை ஆகியவற்றின் வளர்ச்சியையும் பாதிக்கும் நோய்களின் பொதுப்பெயர் ஆகும். வெஸ்ட் நோய்த்தொகுப்பு, டிராவே நோய்த்தொகுப்பு, லெனாக்ஸ்-காஸ்டோ நோய்த்தொகுப்பு ஆகிய மூன்றும் இவற்றுள் நன்கு அறியப்பட்டவை.

இந்நோய்களின் மருத்துவத்துக்கு அடிப்படையான விதி ஒன்று உண்டு. வலிப்பு மருந்துகள் எல்லா வலிப்புக்கும் பொதுவானவை அல்ல. ஒரு வகை வலிப்பை நிறுத்தும் மருந்து மற்றொரு வகையை அதிகமாக்கக்கூடும். எனவே, குழந்தைக்கு வந்தது எந்த வகை வலிப்பு, அது எந்த நோய்த்தொகுப்பைச் சேர்ந்தது என்று கண்டறிவதே சிகிச்சையின் முதற்படி. வலிப்பு வரும் நேரத்தில் மருத்துவர் பெரும்பாலும் அருகில் இருப்பதில்லை. தாய், தந்தை, தாத்தா, பாட்டி, ஆசிரியர் ஆகியோரே அதைப் பார்க்கிறார்கள். அவர்கள் சொல்லும் விவரம் சரியாக இருந்தால்தான் மருந்தும் சரியாக அமையும்.

வலிப்பும் வலிப்பு நோயும்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. அவை மிகச் சிறிய மின்துடிப்புகள் மூலம் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. சில செல்கள் அடுத்த செல்லைத் தூண்டுகின்றன; வேறு சில அடக்குகின்றன. மிதிவண்டிக்கு மிதிகட்டையும் வேண்டும், பிரேக்கும் வேண்டும் என்பதுபோல, இந்த இரண்டும் சமநிலையில் இருந்தால்தான் மூளை ஒழுங்காக இயங்கும். சமநிலை குலைந்து ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளியிடும்போது ஏற்படும் நிகழ்வே வலிப்பு. அவ்வாறான வலிப்பு, உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல் மீண்டும் மீண்டும் வரும் தன்மை வலிப்பு நோய் எனப்படும். மக்கள் வழக்கில் இது காக்காய் வலிப்பு என்றும் ஃபிட்ஸ் என்றும் சொல்லப்படுகிறது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கடும் காய்ச்சலின்போது வரும் காய்ச்சல் வலிப்பு இதிலிருந்து வேறுபட்டது. அதில் பெரும்பாலானவை தீங்கு விளைவிக்காமல் வயது ஏற ஏற மறைந்துவிடுகின்றன.

வலிப்பின் வகைகள்

கை கால் உதறி, வாயில் நுரை தள்ளிக் கீழே விழுவதுதான் வலிப்பு என்று பலரும் நினைக்கின்றனர். அது பல வகைகளுள் ஒன்று மட்டுமே. பன்னாட்டு வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2017-இல் வெளியிட்ட வகைப்பாடு, வலிப்பு மூளையின் ஒரு பகுதியில் தொடங்குகிறதா, இரு பக்கமும் ஒரே நேரத்தில் தொடங்குகிறதா என்பதை முதற்பிரிவாகக் கொள்கிறது. குழந்தைகளிடம் காணப்படும் முக்கிய வகைகள் பின்வருமாறு:

• ஓரிடத்து வலிப்பு: மூளையின் ஒரு பகுதியில் தொடங்குவது. ஒரு கையோ முகத்தின் ஒரு பக்கமோ துடிக்கலாம். சில குழந்தைகள் நினைவு மங்கி, வாயை மெல்லுவதுபோல அசைப்பார்கள்.

• விறைப்பு-உதறல் வலிப்பு: உடல் முழுதும் விறைத்து, பிறகு கை கால்கள் தாளகதியில் உதறும். நினைவு இருக்காது. பலரும் அறிந்த வகை இதுவே.

• வெறிப்பு வலிப்பு: மருத்துவர்கள் அப்சன்ஸ் என்பார்கள். குழந்தை பேச்சையோ எழுத்தையோ பாதியில் நிறுத்திச் சில வினாடிகள் வெறித்துப் பார்க்கும். பிறகு ஒன்றும் நடவாததுபோலத் தொடரும். ஒரு நாளில் பல முறை வரலாம். வகுப்பில் கவனக்குறைவு என்று தவறாக எண்ணப்படுவது இதுவே.

• சொடுக்கு வலிப்பு: மயோக்ளோனிக் வலிப்பு என்று அழைக்கப்படுவது. மின்சாரம் தாக்கியதுபோல ஒரு கணம் தசை சொடுக்கும். கையில் உள்ள தம்ளர் தெறித்து விழலாம்.

• விறைப்பு வலிப்பு: உடல் சில வினாடிகள் விறைத்து நிற்கும், உதறல் தொடராது. பெரும்பாலும் தூக்கத்தில் வரும்.

• தளர்வு வலிப்பு: தசைகள் திடீரென வலுவிழந்து, தலை தொங்கும் அல்லது குழந்தை அறுந்த பொம்மை போலக் கீழே விழும். பல், தாடை, நெற்றி ஆகியவற்றில் அடிபடுவது இதனால் மிகுதி.

• மடங்கு வலிப்பு: ஸ்பாசம் எனப்படுவது. கைக்குழந்தை திடீரெனத் தலை கவிழ்த்து, உடலை முன்னோக்கி மடக்கி, கைகளை விரிக்கும் அல்லது உள்ளிழுக்கும். ஒன்றிரண்டு வினாடிகளில் முடிந்து, சில வினாடிகள் கழித்து மீண்டும் வரும். இப்படிப் பல தொடர்ந்து கொத்தாக வருவதே இதன் அடையாளம். தூங்கி எழும் நேரத்தில் மிகுதி.

கடும் வலிப்பு நோயில் ஒரே குழந்தைக்கு இவற்றுள் மூன்று நான்கு வகைகள் சேர்ந்து வரலாம். வீட்டில் எல்லாவற்றையும் ஃபிட்ஸ் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடும்போது, மருத்துவருக்கு வேண்டிய முக்கியமான செய்தி விடுபட்டுப் போகிறது.

ஒரே மருந்து போதாது என்பது தெரியவந்த வரலாறு

வலிப்புக்குப் பயன் தந்த முதல் வேதி மருந்து புரோமைடு. இங்கிலாந்தின் சார்லஸ் லோக்காக் 1857-இல் இதைக் குறிப்பிட்டார். 1912-இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் ஃபீனோபார்பிட்டாலின் பயனை வெளியிட்டார். 1938-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் மெரிட், டிரேசி புட்னம் இருவரும் ஃபெனிட்டாயின் மருந்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். விறைப்பு-உதறல் வலிப்பை அது நன்றாக அடக்கியது. வெறிப்பு வலிப்புக்குப் பயன் தரவில்லை.

இதற்கிடையே 1935-இல் ஃபிரெடரிக் கிப்ஸ், ஹாலோவெல் டேவிஸ், வில்லியம் லெனாக்ஸ் ஆகியோர் மூளை மின்னலை வரைவைக் கொண்டு, வெறிப்பு வலிப்பின்போது வினாடிக்கு மூன்று வீதம் ஒரு தனி அலை வடிவம் தோன்றுவதைக் காட்டினர். இ.இ.ஜி. என்று நாம் அறிந்த பரிசோதனை இதுதான். வெளியில் மாறுபட்டுத் தெரிந்த வலிப்புகள் மூளையின் உள்ளேயும் மாறுபட்டவை என்பதற்கு இது சான்றாயிற்று. 1945-இல் லெனாக்ஸ், டிரைமெத்தடையோன் என்ற மருந்து வெறிப்பு வலிப்பைக் குறைப்பதை எழுதினார். இந்த மருந்தோ விறைப்பு-உதறல் வலிப்புக்கு உதவவில்லை. ஒன்று அடக்குவதை மற்றொன்று அடக்காது என்பது அப்போது தெளிவானது.

இந்தப் பாடம் இன்றும் பொருந்துகிறது. குழந்தைப் பருவ வெறிப்பு வலிப்பு நோய் உள்ள 453 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில் எத்தோசக்சிமைடு, வால்ப்ரோயிக் அமிலம், லாமோட்ரிஜின் ஆகிய மூன்று மருந்துகள் ஒப்பிடப்பட்டன. 16 வாரங்களில் முறையே 53, 58, 29 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் சிகிச்சை வெற்றியாக அமைந்தது. முதலிரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தாலும், எத்தோசக்சிமைடு உட்கொண்டவர்களிடம் கவனச் சிதறல் குறைவாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

மருந்துகள் வேலை செய்யும் முறை

நரம்பு செல்லின் சுவரில் சோடியம், கால்சியம் போன்ற மின்னேற்றம் பெற்ற அணுக்கள் செல்ல நுண்ணிய வாயில்கள் உள்ளன. வலிப்பு மருந்துகள் பெரும்பாலும் இவ்வாயில்களிலோ, செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களிலோ செயல்படுகின்றன.

கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிட்டாயின் ஆகியவை சோடியம் வாயிலைக் கட்டுப்படுத்துவன. ஓரிடத்து வலிப்புக்கு இவை நல்ல மருந்துகள். ஆனால் வெறிப்பு வலிப்பையும் சொடுக்கு வலிப்பையும் இவை தூண்டிவிடக்கூடும். எத்தோசக்சிமைடு ஒரு வகைக் கால்சியம் வாயிலில் செயல்பட்டு வெறிப்பு வலிப்பை அடக்குகிறது. ஓரிடத்து வலிப்புக்கு அது உதவாது. குளோபாசம், மிடாசோலம் போன்றவை மூளையின் இயற்கையான அடக்கும் பொருளான காபா என்பதன் விளைவைப் பெருக்குகின்றன. வால்ப்ரோயேட் பல வழிகளில் செயல்படுவதால் பல வகை வலிப்புகளுக்குப் பயன்படுகிறது. வகை தெளிவாகத் தெரியாத நிலையில் இதுபோன்ற பரந்த செயல்பாடு கொண்ட மருந்துகளை மருத்துவர்கள் நாடுவதற்கு இதுவே காரணம்.

வெஸ்ட் நோய்த்தொகுப்பு

1841-இல் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் ஊரைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், லான்செட் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் விவரித்த நோயாளி அவருடைய சொந்த மகன். குழந்தை தலையை முன்னோக்கிக் கவிழ்த்துக் கவிழ்த்து எழுவதையும், அதன் வளர்ச்சி நின்றுபோனதையும் அவர் துல்லியமாகப் பதிவு செய்தார். அட்டை விட்டு இரத்தம் எடுப்பது உட்பட அக்காலச் சிகிச்சைகள் எதுவும் பயன் தரவில்லை. வேறு மருத்துவர் யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்கவே அக்கடிதம் எழுதப்பட்டது. வணக்கம் செலுத்துவதுபோலக் குனிவதால் இதற்குச் சலாம் வலிப்பு என்ற பெயரும் ஏற்பட்டது.

இந்நோய் பெரும்பாலும் 3 முதல் 12 மாதக் குழந்தைகளிடம் தொடங்குகிறது. மடங்கு வலிப்பு, இ.இ.ஜி.யில் ஒழுங்கற்ற பெரிய அலைகள், வளர்ச்சி நின்றுபோதல் அல்லது பின்னடைதல் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். சிரித்துக்கொண்டிருந்த குழந்தை முகம் பார்ப்பதையே நிறுத்திவிடும்.

வழக்கமான வலிப்பு மருந்துகள் இதற்கு மிகக் குறைவாகவே பயன்படும். 1958-இல் பெல்ஜியத்தின் சோரல், டுசோசி-போலாய் என்ற இரு மருத்துவர்கள் ஏ.சி.டி.எச். என்னும் இயக்குநீர் ஊசி இதை நிறுத்துவதைக் கண்டனர். இன்று அந்த ஊசி, பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு, விகாபாட்ரின் ஆகிய மூன்றுமே முதன்மை மருந்துகள். 107 குழந்தைகளைக் கொண்ட பிரிட்டன் ஆய்வு ஒன்றில், இரண்டு வார முடிவில் இயக்குநீர் சிகிச்சை பெற்றவர்களில் 73 விழுக்காட்டினருக்கும், விகாபாட்ரின் பெற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்கும் மடங்கு வலிப்பு நின்றது. இந்த ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. 2017-இல் வெளியான 377 குழந்தைகள் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வில், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 72 விழுக்காட்டினரும், இயக்குநீர் சிகிச்சை மட்டும் பெற்றபோது 57 விழுக்காட்டினரும் குணம் கண்டனர்.

இங்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்ற மரபணு நோயால் மடங்கு வலிப்பு வந்தால் விகாபாட்ரினே முதல் தேர்வு. 1997-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் இந்நோய் கொண்ட 11 குழந்தைகளுக்கு அது கொடுக்கப்பட்டது; 11 பேருக்கும் வலிப்பு நின்றது. ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்ற 11 பேரில் 5 பேருக்கே நின்றது.

மடங்கு வலிப்பு பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்காது. குழந்தை திடுக்கிடுகிறது, வயிறு வலிக்கிறது என்று குடும்பத்தார் எண்ணுவது இயல்பு. ஆனால் சிகிச்சை தொடங்கும் நாள் தள்ளிப்போகப் போக, பின்னாளைய அறிவு வளர்ச்சி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கொத்துக் கொத்தாகக் குனியும் கைக்குழந்தையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

டிராவே நோய்த்தொகுப்பு

பிரான்சின் மார்சேயில் பணியாற்றிய சார்லோட் டிராவே 1978-இல் இந்நோயை விவரித்தார். நலமாக வளர்ந்துவந்த குழந்தைக்கு முதல் வயதிற்குள் காய்ச்சலோடு நீண்ட நேர வலிப்பு வருகிறது. பல வேளைகளில் அது உடலின் ஒரு பக்கத்தை மட்டும் உதறச் செய்யும். அடுத்த முறை மறு பக்கம் உதறும். வெந்நீர்க் குளியல்கூட வலிப்பைத் தூண்டலாம். தொடக்கத்தில் இ.இ.ஜி.யும் ஸ்கேனும் இயல்பாக இருப்பதால் காய்ச்சல் வலிப்பு என்றே கருதப்படுவதுண்டு. ஓரிரு ஆண்டுகளில் சொடுக்கு வலிப்பு, வெறிப்பு வலிப்பு, ஓரிடத்து வலிப்பு ஆகியவை சேர்கின்றன. பேச்சும் நடையும் பின்தங்குகின்றன.

2001-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இதன் காரணத்தைக் கண்டனர். எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவின் பிழையே அது. நோயாளிகளில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோரிடம் இப்பிழை உள்ளது. இந்த மரபணு ஒரு வகைச் சோடியம் வாயிலை அமைக்கிறது. அவ்வாயில் முக்கியமாக வேலை செய்வது அடக்கும் செல்களில். ஆகவே டிராவே குழந்தையின் மூளையில் பிரேக் ஏற்கெனவே பழுதாகியுள்ளது. அந்நிலையில் சோடியம் வாயிலை மேலும் அடைக்கும் மருந்தைக் கொடுத்தால், மிச்சமிருக்கும் பிரேக்கும் வலுவிழக்கிறது. கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின் ஆகியவற்றை இக்குழந்தைகளுக்கு நாள்தோறும் கொடுக்கும் மருந்தாகத் தவிர்க்க வேண்டும் என்பது இதனால்தான். பக்கவாட்டு உதறலை ஓரிடத்து வலிப்பு என்று மட்டும் கொண்டு கார்பமசெபின் கொடுத்தால், வகையைப் பார்த்தும் நோய்த்தொகுப்பைப் பாராத பிழை நேர்கிறது.

வால்ப்ரோயேட்டும் குளோபாசமும் முதலில் கொடுக்கப்படுபவை. இவற்றோடு ஸ்டிரிபென்டால் சேர்க்கப்படுகிறது. 2000-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் ஸ்டிரிபென்டால் பெற்ற 21 குழந்தைகளில் 15 பேருக்கு வலிப்பு பாதிக்குமேல் குறைந்தது. வெற்று மருந்து பெற்ற 20 பேரில் ஒருவருக்கே குறைந்தது. கஞ்சாச் செடியிலிருந்து பிரிக்கப்பட்டு, போதை தராத கன்னாபிடியோல் மருந்துக்கு 2018-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. சுத்திகரித்து அளவிடப்பட்ட அந்த மருந்து வேறு, கஞ்சா வேறு. பசியைக் குறைக்கப் பயன்பட்டு, இதய வால்வைப் பாதித்ததால் 1997-இல் திரும்பப் பெறப்பட்ட ஃபென்ஃப்ளூரமின், குறைந்த அளவில், இதயப் பரிசோதனையோடு, 2020-இல் டிராவே நோய்க்கு மீண்டும் ஒப்புதல் பெற்றது.

தடுப்பூசி போட்ட பின் வரும் காய்ச்சலில் முதல் வலிப்பு தோன்றினால், பெற்றோர் தடுப்பூசியையே காரணமாகக் கருதுவர். தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய ஆய்வாளர் தலைமையிலான குழு ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் 11 பேரிடம் எஸ்.சி.என்.1ஏ பிழை இருந்தது. நோய் பிறவியிலேயே இருந்தது. காய்ச்சல் அதை வெளிக்கொணர்ந்தது.

லெனாக்ஸ்-காஸ்டோ நோய்த்தொகுப்பு

மேலே கண்ட லெனாக்ஸ், பிரான்சின் ஆன்ரி காஸ்டோ ஆகிய இருவரின் பெயரால் வழங்குவது இது. பெரும்பாலும் 3 முதல் 5 வயதில் தெரியத் தொடங்கும். வெஸ்ட் நோய்த்தொகுப்பு இருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினர் பின்னர் இந்நிலையை அடைகின்றனர். தூக்கத்தில் விறைப்பு வலிப்பு, விழித்திருக்கும்போது தளர்வு வலிப்பு, நீடித்த வெறிப்பு வலிப்பு எனப் பல வகைகள் ஒன்றாகக் காணப்படும். இ.இ.ஜி.யில் வினாடிக்கு இரண்டரைக்கும் குறைவான மெதுவான கூர்அலைகள் தோன்றும்.

எல்லா வகையையும் ஒரே மருந்து அடக்குவது இங்கு அரிது. வால்ப்ரோயேட் பெரும்பாலும் முதலில் வருகிறது. பிறகு லாமோட்ரிஜின், ரூஃபினமைடு, குளோபாசம், டோபிராமேட், கன்னாபிடியோல், ஃபென்ஃப்ளூரமின் ஆகியவற்றுள் பொருத்தமானது சேர்க்கப்படும். டிராவே குழந்தைக்குத் தவிர்க்க வேண்டிய லாமோட்ரிஜின் இங்கே உதவும் மருந்தாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். கார்பமசெபின் சிலரின் விறைப்பு வலிப்பைக் குறைத்தாலும், வெறிப்பு வலிப்பையும் விழும் வலிப்பையும் கூட்டக்கூடும்.

முழுமையாக வலிப்பின்றி வாழ்வது இந்நோயில் பலருக்குக் கிட்டுவதில்லை. அதனால் எந்த வகையை முதலில் குறைக்க வேண்டும் என்று மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து முடிவு செய்கின்றனர். நாளுக்குப் பத்து முறை விழுந்து தலையில் அடிபடும் குழந்தைக்கு விழும் வலிப்பைக் குறைப்பதே பெரிய பலன். மருந்துகளைக் கூட்டிக்கொண்டே போனால் குழந்தை எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும். அக்கலக்கமே இந்நோயில் வலிப்பைத் தூண்டவும் கூடும்.

காரணம் தெரிந்தால் மருந்தும் மாறும்

சில குழந்தைகளிடம் வலிப்பின் வகையைவிட அதன் அடிப்படைக் காரணமே மருந்தைத் தீர்மானிக்கிறது.

• பைரிடாக்சின் சார்ந்த வலிப்பு: பிறந்த சில நாட்களில் தொடங்கும். வேறு மருந்துக்கு நிற்காத இவ்வலிப்பு வைட்டமின் பி6 கொடுத்ததும் நிற்கும். 1954-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. வாழ்நாள் முழுதும் இந்த வைட்டமின் தேவைப்படும்.

• குளுட்1 குறைபாடு: இரத்தத்தில் உள்ள சர்க்கரை மூளைக்குள் போதிய அளவு செல்லாத நிலை. 1991-இல் விவரிக்கப்பட்டது. மூளைக்கு மாற்று எரிபொருள் தரும் கீட்டோ உணவே இதன் முதன்மைச் சிகிச்சை.

• எஸ்.சி.என்.2ஏ மரபணுப் பிழை: இதில் சோடியம் வாயில் அளவுக்கு மீறி வேலை செய்தால், வலிப்பு பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும். அக்குழந்தைகளுக்கு ஃபெனிட்டாயின், கார்பமசெபின் நல்ல பலன் தரும். வாயில் குறைவாக வேலை செய்யும் பிழையில் வலிப்பு அதற்குப் பின் வரும். அதே மருந்துகள் அங்கே கேடு செய்யலாம். ஒரே மரபணுவிலும் இரு வேறு மருத்துவம் அமைவதற்கு இது எடுத்துக்காட்டு.

சுருக்க அட்டவணை

• ஓரிடத்து வலிப்பு — உதவுபவை: கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின்.

• வெறிப்பு வலிப்பு — உதவுபவை: எத்தோசக்சிமைடு, வால்ப்ரோயேட். கூட்டக்கூடியவை: கார்பமசெபின், ஃபெனிட்டாயின், விகாபாட்ரின்.

• சொடுக்கு வலிப்பு — உதவுபவை: வால்ப்ரோயேட், லெவெடிராசெட்டம், குளோபாசம். கூட்டக்கூடியவை: கார்பமசெபின், ஃபெனிட்டாயின், காபாபென்டின், சிலரிடம் லாமோட்ரிஜின்.

• மடங்கு வலிப்பு — உதவுபவை: ஏ.சி.டி.எச்., பிரட்னிசோலோன், விகாபாட்ரின்.

• தளர்வு வலிப்பு — உதவுபவை: வால்ப்ரோயேட், ரூஃபினமைடு, குளோபாசம். கூட்டக்கூடியவை: கார்பமசெபின்.

இது மாணவர் புரிதலுக்கான அட்டவணை. இதைப் பார்த்து எவரும் மருந்தைத் தொடங்கவோ மாற்றவோ நிறுத்தவோ கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவதே உயிருக்கு ஆபத்தான நீண்ட வலிப்பை உண்டாக்கலாம்.

மருந்து பயன் தராதபோது

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய் என்று 2010-இல் பன்னாட்டுக் கழகம் வரையறுத்தது. சரியாகத் தேர்ந்தெடுத்த என்ற சொற்கள் இங்கு முக்கியம். வகைக்குப் பொருந்தாத மருந்து தோற்றதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அந்நிலையில் பிற வழிகள் ஆராயப்படும்.

கீட்டோ உணவு: கொழுப்பை மிகுத்து, மாவுச்சத்தை மிகக் குறைத்து, எடை போட்டுக் கொடுக்கப்படும் உணவு. 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ரசல் வைல்டர் முன்மொழிந்தார். 145 குழந்தைகள் பங்கேற்று 2008-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், மூன்று மாதங்களில் உணவைப் பின்பற்றியோரில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்குமேல் குறைந்தது. மற்றவர்களில் 6 விழுக்காட்டினருக்கே குறைந்தது. சோறு, இட்லி, பழம், சர்க்கரை எல்லாவற்றையும் அளந்து குறைக்க வேண்டியிருப்பதால், உணவியல் வல்லுநரின் மேற்பார்வை இன்றி இதைச் செய்யக்கூடாது.

அறுவை மருத்துவம்: வலிப்பு ஒரே இடத்திலிருந்து புறப்பட்டால், அந்த இடத்தை நீக்குவது நோயையே முடித்துவைக்கலாம். பாதி மூளை முழுதும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அப்பாதியின் தொடர்புகளைத் துண்டிக்கும் அறுவையும் உண்டு. விழும் வலிப்பு அடங்காதபோது மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை வெட்டுவர். இங்கும் வகையே வழிகாட்டி: அந்த அறுவை விழுவதைக் குறைக்கும், எல்லா வலிப்பையும் நிறுத்தாது.

வேகஸ் நரம்புத் தூண்டல்: மார்பில் தோலுக்கடியில் பொருத்திய சிறு கருவி, கழுத்து நரம்பு வழியாக மூளைக்கு மின்துடிப்பு அனுப்பி வலிப்பைக் குறைக்கிறது.

பக்க விளைவுகள்

பயனுள்ள மருந்துக்கும் விலை உண்டு. விகாபாட்ரின் பார்வைப் புலத்தின் ஓரங்களைச் சுருக்கலாம். ஆகவே கண் பரிசோதனை வேண்டும். ஸ்டீராய்டு இரத்த அழுத்தத்தைக் கூட்டி, நோய் எதிர்ப்பைக் குறைக்கும். வால்ப்ரோயேட் இரண்டு வயதுக்குட்பட்டோரிடம், குறிப்பாகச் சில மரபணுக் குறைபாடு உள்ளோரிடம், கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கலாம். கருவுற்ற காலத்தில் சிசுவையும் அது பாதிக்கும் என்பதால், பெண் குழந்தைகள் பருவமடையும் முன்பே மருத்துவரோடு கலந்து பேச வேண்டும். லாமோட்ரிஜினை வேகமாகக் கூட்டினால் ஆபத்தான தோல் வெடிப்பு வரலாம்.

பார்ப்பவர்கள் செய்ய வேண்டியது

வலிப்பின் வகையைக் கண்டறியப் பெரிதும் உதவுவது கைப்பேசியில் எடுத்த காணொளி. குழந்தையைப் பாதுகாப்பாகக் கிடத்திய பிறகு, ஒருவர் முகமும் கை கால்களும் தெரியும்படி படம் எடுக்கலாம். ஒரு குறிப்பேட்டில் இவற்றை எழுதி வைப்பதும் நல்லது:

• நாள், நேரம். தூக்கத்திலா, விழித்தெழும்போதா, விளையாடும்போதா.

• எங்கே தொடங்கியது. ஒரு பக்கமா, இரு பக்கமுமா.

• விறைத்ததா, உதறியதா, சொடுக்கியதா, துவண்டதா, வெறித்ததா.

• எத்தனை வினாடி அல்லது நிமிடம், தனியாகவா, கொத்தாகவா.

• கூப்பிட்டால் திரும்பியதா. முடிந்த பின் உறங்கியதா.

• காய்ச்சல், தூக்கக்குறைவு, விடுபட்ட மருந்து ஏதேனும் இருந்ததா.

புதிய மருந்து தொடங்கிய சில வாரங்களில் வலிப்பு கூடினாலோ புது வகை தோன்றினாலோ, நோய் முற்றிவிட்டது என்று மனம் தளர வேண்டாம். மருந்து பொருந்தவில்லை என்பதாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் அதை அப்படியே சொல்ல வேண்டும். நோய்த்தொகுப்பின் பெயர், உட்கொள்ளும் மருந்துகள், தவிர்க்க வேண்டிய மருந்துகள் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிக் குழந்தையின் பையில் வைத்தால், வெளியூரிலோ நள்ளிரவிலோ வேறு மருத்துவரைப் பார்க்கும்போது அது பேருதவியாகும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பாடம் நடக்கும்போது அடிக்கடி சில வினாடிகள் வெறித்து, கூப்பிட்டாலும் தோளைத் தொட்டாலும் திரும்பாத பிள்ளையைத் தண்டிக்கும் முன் பெற்றோரிடம் தெரிவிப்பது நல்லது. ஒரு நாளில் எத்தனை முறை என்று எண்ணிச் சொன்னால், நோயைக் கண்டறிய அதுவே தொடக்கமாகலாம்.

முதலுதவி

வலிப்பு வந்த குழந்தையைக் கூர்மையான பொருள்கள் இல்லாத இடத்தில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்கடியில் மென்மையான துணி வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தலாம். வாயில் கரண்டியோ துணியோ விரலோ வைக்கக்கூடாது. தண்ணீரோ மாத்திரையோ புகட்டக்கூடாது. கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நிற்பவை. அந்நேரத்தில் கையில் இருந்த இரும்புக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூக்கில் தெளிக்கும் மிடாசோலத்தை மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால், அவர் சொன்ன அளவில் அதைப் பயன்படுத்தலாம்.

1841-இல் வெஸ்ட் தம் மகனுக்காகக் கேட்ட கேள்விக்கு மருந்து கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆனால் அவர் நோயை உற்றுப் பார்த்து எழுதிவைத்த விதம் இன்றும் பயன்படுகிறது. எந்தப் பரிசோதனை வசதியும் இல்லாத வீட்டிலும் வகுப்பறையிலும் அதைச் செய்ய முடியும். பிள்ளைக்குப் பொருத்தமான மருந்தைத் தேடும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.